ஐபி கேமராவின் நாலு கட்டங்கள்

ஐபி கேமராவின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் இருபது முப்பது கட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். பாதியைப் பார்த்ததுமே பலர் மூடிவிடுகிறார்கள். ஆனால் கேமரா பிழைப்பதும் படுப்பதும் நாலே நாலு கட்டங்களில்தான்: ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்கில் கேமராவின் எண் முகவரி), சப்நெட் மாஸ்க் (எந்த அட்ரஸ்கள் வரை ஒரே தெரு, அதாவது ஒரே நெட்வொர்க், என்று காட்டும் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், வழக்கமாக ரவுட்டர்), டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது). "போச்சு, வேற வாங்கணும்" என்று கழற்றி வைத்த கேமராக்களில் பலவற்றுக்கு ஒரு கோளாறும் இருக்காது. இந்த நாலில் ஏதோ ஒன்று தப்பாக இருந்திருக்கும். நாலும் நாலு விதமாகத் தப்பும் என்பதால், கேமரா எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே எந்தக் கட்டத்தில் கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

ஐபி அட்ரஸ் தப்பென்றால் கேமரா யாருக்குமே கிடைக்காது. அதே அட்ரஸ் இன்னொரு சாதனத்துக்கும் போயிருந்தால் விட்டு விட்டுக் கிடைக்கும். கேட்வே தப்பென்றால் உள்ளே எல்லாம் ஜோராக ஓடும், வெளியே போனவுடன் மொபைல் ஆப்பில் ஆஃப்லைன் என்று வரும். டிஎன்எஸ் தப்பென்றாலும் ஏறக்குறைய இதே கதைதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: எண்ணைக் கொடுத்தால் வெளியே போகும், பெயரைக் கொடுத்தால் போகாது. அதனால் கேமராவின் கடிகாரம் பிசகும், மெயில் அலர்ட் வராது, ஆப் ஆஃப்லைன் காட்டும்.

மாஸ்க்தான் இதில் கள்ளன். 255.255.255.0 என்று போட வேண்டிய இடத்தில் கை தவறி 255.255.255.128 என்று போட்டுவிட்டால் கேமரா பாதி தெருவை மட்டும்தான் தன் தெரு என்று நினைக்கும். அட்ரஸின் கடைசி எண் 21-இல் உட்கார்ந்திருக்கும் கேமராவுக்கு 126 வரைதான் பக்கத்து வீடு. 150-இல் இருக்கும் கம்ப்யூட்டர் கேட்டால், பதிலை நேரே தராமல் கேட்வேயிடம் தூக்கிக் கொடுக்கும். ரவுட்டர் அதைத் திருப்பி அனுப்பினால் ஓடும், கேட்வே காலியாக இருந்தால் பதிலே போகாது. "என் லேப்டாப்பில் வருகிறது, அவர் லேப்டாப்பில் வரவில்லை" என்ற புகாரைக் கேட்டால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

புதுக் கேமராவை முதலில் பிடிப்பது

பெட்டியிலிருந்து எடுத்த கேமராவுக்குக் கம்பெனி வைத்த அட்ரஸ் ஒன்று இருக்கும். ஹிக்விஷனில் 192.168.1.64, தாஹுவாவில் 192.168.1.108, பழைய ஆக்சிஸ் மாடல்களில் 192.168.0.90. கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளிலும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். கூடவே மேக் அட்ரஸும் (சாதனத்துக்குக் கம்பெனியே வைக்கும் தனி அடையாள எண்) சீரியல் நம்பரும் இருக்கும். சுவரில் மாட்டும் முன்பே அந்த லேபிளை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஏணி ஏறிப் படிக்கும் எழுத்து அளவில் அதை எவரும் அச்சிடுவதில்லை.

உங்கள் ரவுட்டர் 192.168.0.1 என்றிருந்து, கேமரா 192.168.1.64 என்றிருந்தால் இரண்டும் ஒரே ஸ்விட்ச்சில் இருந்தாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. பிரவுசரில் அடித்தால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டு வழி.

ஒன்று, கம்பெனியின் தேடும் மென்பொருள். ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, தாஹுவாவுக்கு கான்ஃபிக்டூல். அட்ரஸ் வரிசை வேறாக இருந்தாலும் ஒரே ஸ்விட்ச்சில் இருக்கும் கேமராவை இவை மேக் அட்ரஸோடு பட்டியலில் காட்டிவிடும், அங்கிருந்தே மாற்றியும் விடலாம். பல கம்பெனிக் கேமராக்களுக்கும் பொதுவான ஆன்விஃப் முறையின் தேடல் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) அட்ரஸுக்கு யுடிபி 3702 போர்ட்டில் குரல் கொடுக்கிறது. கேமரா அதற்குப் பதில் அனுப்புவது உங்கள் கம்ப்யூட்டரின் அட்ரஸுக்கு. தெரு வேறாக இருந்தால் அந்தப் பதில் வந்து சேராமலே போகலாம். பட்டியல் காலியாக வந்தால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் மூன்று விஷயம்: லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள், கேபிளில் போக வேண்டிய தேடல் வைஃபை வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். விபிஎன் (வெளியிலிருந்து வேறொரு நெட்வொர்க்குக்குள் போகும் மறைவழி இணைப்பு) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஃபயர்வால் அந்த மென்பொருளைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி, கேமராவின் தெருவுக்கு நாமே போவது. விண்டோஸில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, என்சிபிஏ டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நெட்வொர்க் அடாப்டர்கள் வரும். ஈதர்நெட்டில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஐபிவி4. அங்கே 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. ஓகே கொடுத்துவிட்டு பிரவுசரில் 192.168.1.64 அடித்தால் லாகின் பக்கம் வந்துவிடும். வேலை முடிந்ததும் அதே இடத்துக்குப் போய் ஆட்டோமேட்டிக் என்று மாற்ற வேண்டும். மறந்துவிட்டு மறுநாள் "இன்டர்நெட் வரல" என்று சர்வீஸ்காரருக்குப் போன் போடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

பிங் (அந்த அட்ரஸில் ஆள் உண்டா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) அடித்துப் பார்க்கும்போது வரும் இரண்டு தோல்விச் செய்திகளும் ஒன்றல்ல. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த அட்ரஸிலிருந்தே பதில் வந்தால், "இந்த அட்ரஸ் யாருடையது?" என்று தெருவில் கூவியும் யாரும் வாய் திறக்கவில்லை என்று பொருள். அந்த அட்ரஸில் கேமரா இல்லை, அல்லது கேபிளோ கரண்ட்டோ இல்லை. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் கிளம்பிப் போயிருக்கிறது, பதில்தான் திரும்பவில்லை. தெரு வேறாக இருக்கலாம், கேமராவில் கேட்வே தப்பாக இருக்கலாம், அல்லது கேமரா பிங்குக்குப் பதில் தராதபடி அமைத்திருக்கலாம். முதலாவது வந்தால் ஏணியைத் தேடுங்கள். இரண்டாவது வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தேடலாம்.

புதுக் கேமராக்கள் முதல் முறை திறக்கும்போது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். வலுவாக வையுங்கள், ஆனால் @, :, / ஆகிய குறிகளைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் பின்னால்தான் தெரியும்: கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியில் (நேரடி வீடியோவை ப்ளேயரில் திறக்கும் முகவரி) யூசர்நேம், பாஸ்வேர்டு, பிறகு @, பிறகு ஐபி என்று வரிசையாக எழுத வேண்டும். பாஸ்வேர்டிலேயே ஒரு @ இருந்தால் அது எங்கே முடிகிறது என்று பல ப்ளேயர்கள் குழம்பிவிடும். ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால் முகவரியில் @ வரும் இடத்தில் %40 என்று எழுதுங்கள், ஓடும்.

அட்ரஸ் பங்கீடு

கேமராவைத் தொடும் முன் ஒரு காகிதத்தில் பங்கீடு போட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு ரவுட்டர் 192.168.37.1. என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) கடைசி எண் 20. கேமராக்கள் 21 முதல். போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் ரவுட்டர் தானாக வழங்கும் டிஹெச்சிபி வரிசை 100 முதல் 200 வரை. ஏன் 37 என்பது கடைசியில் வரும்.

டிஹெச்சிபி வரிசையைச் சுருக்குவதுதான் இதில் முக்கியம். பல ரவுட்டர்கள் 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் வழங்கத் தயாராக இருக்கும். அப்படியே விட்டுவிட்டு கேமராவுக்கு 21 என்று கையால் போட்டால், ரவுட்டருக்கு அது தெரியாது. ஒரு நாள் கேமரா கரண்ட் இல்லாமல் அணைந்திருக்கும் நேரத்தில், புதிதாக வந்த போனுக்கு அதே 21-ஐக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் விட்டு விட்டு வரும் வியாதி தொடங்கும். போன் வீட்டில் இருக்கும்போது கேமரா தடுமாறும், போன்காரர் வெளியே போனால் சரியாகிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: கேமராவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே அட்ரஸுக்கு பிங் அடியுங்கள். பதில் வந்தால் அந்த அட்ரஸில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஏஆர்பி -ஏ கட்டளையைக் கொடுத்தால் அந்த ஆளின் மேக் அட்ரஸே தெரிந்துவிடும். லேபிள் போட்டோவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே மாடலில் நாலு கேமராக்களை ஒரே நேரத்தில் ஸ்விட்ச்சில் சொருகுவதும் இதே தவறுதான். நாலுக்கும் 192.168.1.64. பிரவுசரில் திறந்தால் ஒரு முறை வாசல் கேமரா, அடுத்த முறை மாடிக் கேமரா என்று ஆள் மாறி வரும். வாசலுக்கு வைத்த பெயர் மாடியில் போய் உட்காரும். ஒவ்வொன்றாகச் சொருகி அட்ரஸ் மாற்றுங்கள், அல்லது எஸ்ஏடிபி போன்ற மென்பொருளில் மேக் அட்ரஸைப் பார்த்து மாற்றுங்கள்.

மாற்றும்போது நாலு கட்டங்களையும் நிரப்பிவிட்டு ஒரே தடவை சேவ் கொடுங்கள். அட்ரஸை மட்டும் மாற்றிச் சேவ் செய்தால் அந்த நொடியே பக்கம் அறுந்துவிடும், பழைய கேட்வேயோடு கேமரா புதுத் தெருவுக்குப் போய்விடும். ஐபி 192.168.37.21, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.37.1, முதல் டிஎன்எஸ்ஸாக 192.168.37.1, இரண்டாவதாக 8.8.8.8 அல்லது 1.1.1.1. ஹிக்விஷனில் அட்ரஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் டெஸ்ட் என்றொரு பட்டன் இருக்கிறது. அந்த அட்ரஸ் காலியா என்று அதுவே பார்த்துச் சொல்லும். சேவ் கொடுத்த பிறகு "பக்கம் திறக்கவில்லை" என்று வந்தால் பதற வேண்டாம், அது சரியான அறிகுறி. புது அட்ரஸை அடித்துத் திறக்க வேண்டியதுதான்.

ஸ்டேட்டிக்கா (கேமராவில் கையால் நிலையாகப் போடும் அட்ரஸ்), ரவுட்டரில் ரிசர்வேஷனா (ரவுட்டரே எப்போதும் அதே அட்ரஸை வழங்குவது) என்று கேட்பவர்களுக்கு என் கட்சி இது: என்விஆரோடு கேபிளில் இணைந்த கேமராவுக்கு ஸ்டேட்டிக். ரவுட்டர் செத்தாலும் ரெக்கார்டிங் நிற்காது. ஆப்பை மட்டும் நம்பி ஓடும் வைஃபை கேமராவுக்கு டிஹெச்சிபியும் ரவுட்டரில் மேக் அட்ரஸ் வைத்து ரிசர்வேஷனும். ஸ்டேட்டிக் வைத்திருப்பவர்களுக்குச் சோதனை வருவது ரவுட்டர் மாற்றும் நாளில். புது ரவுட்டர் 192.168.0.1 என்று வந்து நிற்கும், கேமராக்கள் எல்லாம் 37 தெருவிலேயே நிற்கும். எட்டுக் கேமராக்களையும் திறந்து மாற்றக் கிளம்பாதீர்கள். புது ரவுட்டரின் லேன் அட்ரஸை 192.168.37.1 என்று மாற்றி, டிஹெச்சிபி வரிசையையும் பழையபடி வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

என்விஆரின் பின்பக்கத்திலேயே பிஓஇ போர்ட்கள் (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் தருபவை) இருந்து, கேமராவை அங்கே சொருகினால் கதை வேறு. என்விஆர் அந்தப் போர்ட்களுக்குள் தனித் தெரு ஒன்றை நடத்துகிறது. ஹிக்விஷனில் அது வழக்கமாக 192.168.254 என்று தொடங்கும். கேமராவுக்கு அட்ரஸ் கொடுப்பதும் என்விஆரே. வீட்டு வைஃபையிலிருந்து அந்தக் கேமராவை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, அது கோளாறும் இல்லை. கேமராவின் பக்கத்தையே பார்க்க வேண்டுமென்றால் என்விஆர் வழியாகத்தான் போக வேண்டும், அல்லது கேமராவைக் கழற்றி வெளி ஸ்விட்ச்சில் போட வேண்டும்.

கடிகாரம்

நேர அமைப்பை யாரும் நெட்வொர்க் விஷயமாக நினைப்பதில்லை. ஆனால் பாஸ்வேர்டு நூறு சதம் சரியாக இருந்தும் என்விஆர் 'யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு' என்று அடம்பிடித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆன்விஃப் லாகினில் பாஸ்வேர்டு அப்படியே போவதில்லை. அந்த நொடியின் நேரத்தையும் ஒரு தற்செயல் எண்ணையும் சேர்த்துக் குழைத்துத்தான் அனுப்பும். கேமரா அந்த நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இடைவெளி அதிகமென்றால் பழைய செய்தியை யாரோ மறுபடி அனுப்புகிறார்கள் என்று தள்ளிவிடும். கரண்ட் போய் வந்ததும் 1970-க்கோ 2000-க்கோ திரும்பிப் போகும் மலிவுக் கேமராக்களில் இது அடிக்கடி நடக்கும்.

டைம் ஜோனைச் சரியாக வைத்து, என்டிபியை (நெட்வொர்க் வழியாக நேரத்தை வாங்கும் முறை) இயக்கி, சர்வர் கட்டத்தில் என்விஆரின் அட்ரஸையோ ரவுட்டரின் அட்ரஸையோ போடுங்கள். இரண்டில் எது என்டிபி சேவை தருகிறதோ அது. இன்டர்நெட் சர்வரின் பெயரைப் போட்டால் டிஎன்எஸ்ஸும் கேட்வேயும் சரியாக இருந்தால்தான் ஓடும். போர்ட் 123, யுடிபி.

பாஸ்வேர்டு பேச்சு வந்ததால் இன்னொன்று. கேமராவில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு என்விஆரில் மாற்ற மறந்தால், என்விஆர் பழைய பாஸ்வேர்டோடு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். நாலைந்து தப்பான முயற்சிக்குப் பிறகு கேமரா பூட்டிக்கொள்ளும். பிறகு என்விஆரில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஏற்காது. என்விஆரில் அந்தச் சேனலை நீக்கி, கேமராவை ஒரு முறை அணைத்து எழுப்பி, பிறகு சரியான பாஸ்வேர்டோடு சேருங்கள்.

வைஃபை கேமராக்கள்

ஆப்பில் க்யூஆர் கோடு காட்டி இணைக்கும் கேமராக்கள் நாலு கட்டங்களையும் தாங்களே நிரப்பிக்கொள்ளும். அங்கே சிக்கல் அதற்கு முந்தைய படியில். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பினால் இணைக்கும் நேரத்தில் போன் 5-இல் உட்கார்ந்திருக்கும், சில ஆப்கள் அதோடு முட்டிக்கொண்டு நிற்கும். 5-ஐச் சற்று நேரம் அணைத்து வையுங்கள், இணைந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய கேமராக்கள் கிட்டேயே வராது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். சேனல் ஆட்டோ என்றிருந்து ரவுட்டர் 12, 13-க்குப் போய்விட்டால் சில கேமராக்களுக்கு அந்த வைஃபையே கண்ணுக்குத் தெரியாது. ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11-இல் கூட்டம் குறைந்ததை நிலையாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க்கில் கேமராவைப் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் கெஸ்ட்டில் இருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க விடாமல் பல ரவுட்டர்கள் தடுத்துவிடும். ஆப் கம்பெனி சர்வர் வழியாகப் போவதால் படம் வரும், என்விஆருக்கு மட்டும் கேமரா கிடைக்கவே கிடைக்காது. கேட்வே தப்பாக இருக்கும்போது நடப்பதற்கு நேர் எதிர் இது: வெளியே ஓடும், உள்ளே ஓடாது.

சிக்னல் அளவை கேமரா காட்டினால் மைனஸ் 65 டிபிஎம்முக்கு அருகிலோ அதைவிட நல்லதாகவோ இருக்கட்டும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் படம் பகலில் வந்தாலும் நம்ப முடியாது. பகலில் சரியாக இருந்து இருட்டியதும் மட்டும் அறுந்து அறுந்து வரும் கேமராவில் செட்டிங் எதையும் தொடாதீர்கள். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கரண்ட் கூடுதலாக இழுக்கும், அடாப்டர் தாங்காமல் கேமரா ரீஸ்டார்ட் ஆகும். கேபிள் கேமராவிலும் இதே நடக்கும்: 802.3ஏஎஃப் பிஓஇ ஸ்விட்ச் போர்ட்டில் 15.4 வாட் கொடுத்தாலும் 100 மீட்டர் கேபிளின் மறுமுனையில் கணக்கில் வைக்க வேண்டியது 12.95 வாட்தான். செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியக் கேபிள் என்றால் அதுவும் கிடைக்காது.

எவ்வளவு டேட்டா

1080பி கேமரா ஹெச்.264-இல் (வீடியோவைச் சுருக்கும் முறை) 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால், நொடிக்கு அரை மெகாபைட், மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43.2 ஜிபி. எட்டுக் கேமராக்கள் சேர்ந்து 32 எம்பிபிஎஸ் என்விஆரை நோக்கி இடைவிடாமல் ஓடும். கேபிளில் இது ஒன்றுமே இல்லை. எட்டும் வைஃபையில் என்றால் 2.4-இல் மூச்சு முட்டும். ஹெச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியில் அதே தரம் கிடைக்கும். மாற்றும் முன் என்விஆருக்கு அது புரியுமா என்று பாருங்கள், கறுப்புத் திரை வந்தால் புரியவில்லை.

வெளியிலிருந்து போனில் பார்க்கும்போது செலவாவது உங்கள் இணைப்பின் அப்லோடு. டவுன்லோடு வேகத்தை எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும் இங்கே செல்லாது. போனுக்கு சப் ஸ்ட்ரீம் (கேமரா கூடவே அனுப்பும் அளவு குறைந்த படம்) போதும், 512 கேபிபிஎஸ் வைத்தால் நாலு கேமராக்களும் 2 எம்பிபிஎஸ்ஸில் அடங்கும். ஹிக்விஷனின் ஆர்டிஎஸ்பி முகவரியில் 101 என்பது முதல் சேனலின் மெயின் ஸ்ட்ரீம், 102 சப் ஸ்ட்ரீம். படத்தில் சாம்பல் திட்டுத்திட்டாக இழுபட்டால் ஆர்டிஎஸ்பியை யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றுங்கள், வழியில் விழும் பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கும். திறந்ததும் படம் வர ஒன்றிரண்டு நொடி பிடிக்கிறது என்றால் ஐ-ஃப்ரேம் இடைவெளியைப் பாருங்கள். 25 ஃப்ரேமில் அது 50 என்றிருந்தால் முழுப் படம் இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் வருகிறது.

வெளியிலிருந்து பார்ப்பது

போர்ட் பக்கத்தில் ஹெச்டிடிபி 80, ஹெச்டிடிபிஎஸ் 443, ஆர்டிஎஸ்பி 554 என்று இருக்கும். கூடவே கம்பெனியின் சொந்தப் போர்ட்: ஹிக்விஷனுக்கு 8000, தாஹுவாவுக்கு 37777. இவற்றை ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வெளியே திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் கிடைக்கின்றன. செய்யாதீர்கள். 2016-இல் மிராய் என்ற மால்வேர் டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பழைய வழி) திறந்திருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும், கம்பெனி வைத்த அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே திறந்து படை திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அந்தப் படை அடித்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் வரை பலருக்குத் திறக்காமல் போனது. 80-ஐ 8081 ஆக மாற்றிவிட்டால் மறைந்துவிடலாம் என்பது பூனை கண்ணை மூடிக்கொள்வது போல. திறந்த போர்ட்களைத் தேடிப் பட்டியல் போடுவதற்கென்றே ஷோடான் மாதிரித் தேடுபொறிகள் இருக்கின்றன.

கேமராவிலும் ரவுட்டரிலும் யுபிஎன்பியை அணையுங்கள். இல்லையென்றால் நீங்கள் திறக்காத கதவை கேமராவே ரவுட்டரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும். டெல்நெட், எஸ்எஸ்ஹெச், எஸ்என்எம்பி தேவையில்லையென்றால் அணையுங்கள். ஐபிவி6-உம் அப்படியே. சில ரவுட்டர்களில் ஐபிவி6 ஃபயர்வால் தளர்வாக இருக்கும், அதில் கேமராவுக்கு வெளியுலகம் நேரே பார்க்கக்கூடிய அட்ரஸ் கிடைத்துவிடும்.

ஆப் வழியாகப் பார்க்கும் பிடூபி முறையில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். கேமராவே கம்பெனி சர்வருக்குப் போன் போட்டு இருப்பைச் சொல்லும், உங்கள் ஆப் அங்கே வந்து கைகோக்கும். அதற்குத்தான் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும். சௌகரியம் உண்டு, அந்தக் கம்பெனியை நம்ப வேண்டிய கட்டாயமும் உண்டு.

நம்ப மனமில்லாதவர்களுக்கு விபிஎன். ரவுட்டரில் வயர்கார்டு வசதி இருந்தால் யுடிபி 51820 ஒன்றை மட்டும் திறந்தால் போதும், சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே தராது. திறக்கும் முன் ரவுட்டரின் வேன் அட்ரஸைப் (இணைப்புக் கம்பெனி பக்கத்து அட்ரஸ்) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால் இணைப்புக் கம்பெனி ஒரே பொது அட்ரஸைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது. நீங்கள் எதைத் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. அந்த இடத்தில் டெய்ல்ஸ்கேல் போல உள்ளிருந்து வெளியே போய் இணையும் வகைதான் வேலைக்கு ஆகும். சோதனையை வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு செய்யாமல் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.

இப்போது 37-க்கு வரலாம். விபிஎன்னில் வீட்டுத் தெரு 192.168.1 என்று இருந்து, நீங்கள் போய் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் வைஃபையும் 192.168.1 என்றிருந்தால், 192.168.1.21-ஐத் திறக்கச் சொன்னால் லேப்டாப் ஆபீஸுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். விபிஎன் இணைந்தது என்று பச்சை விளக்கு எரியும், கேமரா மட்டும் வராது. உலகத்து ரவுட்டர்களில் பெரும்பாதி 0 அல்லது 1-இல்தான் பிறக்கின்றன. அதனால் மூன்றாவது எண்ணை யாரும் வைக்காத ஒன்றாக வைப்பது நல்லது. 37 இல்லையென்றால் 83.

கேமரா வெளியே போகவே கூடாது என்பவர்கள் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுவது பழைய தந்திரம். என்விஆர் அதே தெருவில் இருப்பதால் ரெக்கார்டிங் ஓடும், நேரத்தை என்விஆரிடம் வாங்கிக்கொள்ளும். காலியாகச் சேவ் ஆக மறுக்கும் மாடல்களில் அதே தெருவில் யாருக்கும் கொடுக்காத அட்ரஸ் ஒன்றைப் போடலாம். ரவுட்டரில் அந்தக் கேமராவுக்கு இன்டர்நெட்டைத் தடுப்பது இதைவிட உறுதி, ரீசெட் ஆனாலும் தடை நிற்கும் - மேக் அட்ரஸை வைத்துத் தடுத்திருந்தால். கேட்வே இல்லாத கேமராவை விபிஎன்னிலிருந்து நேரே திறக்க முயன்றால் வராது, விபிஎன் ஆட்கள் வேறு தெருக்காரர்கள், பதில் அனுப்பக் கேமராவுக்கு வழி தெரியாது. என்விஆருக்குக் கேட்வே கொடுத்துவிட்டு, அதன் வழியாகப் பாருங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மெயின்டனன்ஸ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்து கான்ஃபிக் ஃபைலை எடுத்து வையுங்கள். ஹிக்விஷனில் ரீஸ்டோர், டிஃபால்ட் என்று இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ரீஸ்டோர் நெட்வொர்க் அமைப்பைத் தொடாமல் மற்றதைத் திருப்பும். டிஃபால்ட் அழுத்தினால் கேமரா 192.168.1.64-க்குத் திரும்பிப் போய்விடும், லேப்டாப்பின் அட்ரஸை மாற்றும் இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.